சிறார் நூல்களும் நம் திருச்சபையும்

திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாம் தாயாகிப் பாடினார். பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு அதுவே ஊற்று என்பர். ஆயினும் அப்பாடல்களில் குழந்தை பாடப்படுபவனேயன்றிக் கேட்பவன் அல்லன். குழந்தையைப் பற்றிய இலக்கியம் வேறு; குழந்தைக்கான இலக்கியம் வேறு. பின்னதைத் தமிழில் அச்சேற்றுவதில் முன்நின்றோர் நம் சபையாரே என நாம் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமையைச் சற்று உரைத்துப் பார்ப்பது நலம்.

1840இல் நாகர்கோவிலிலிருந்து ‘பால தீபிகை’ வெளிவந்தது. 1849இல் பாளையங்கோட்டையில் ‘சிறுபிள்ளையின் நேசத் தோழன்’ தோன்றியது. 1858க்குப் பின் ஜான் மர்டாக்கின் அயரா உழைப்பால் பள்ளி நூல்கள் மலிவு விலையில் பரவின. ஓலையும் மணலுமே கண்டிருந்த சிற்றூர்ப் பிள்ளைகளின் கையில் அச்சிட்ட தாளை வைத்தது சிறு தொண்டன்று. இதை மறுப்போர் வரலாறு அறியாதார்.

ஆனால் பிள்ளையை இம்முயற்சிகள் எவ்வாறு நோக்கின? இங்கிலாந்தில் 1671-72இல் ஜேம்ஸ் ஜேன்வே வெளியிட்ட நூல், பக்தியோடு மரித்த சிறுவரின் சரிதைகளைத் திரட்டியது. 1744இல் ஜான் நியூபெரியோ, போதனையோடு களிப்பும் தருவதாகத் தலைப்பிலேயே அறிவித்து ஒரு சிறு நூலை விற்றார். இவ்விரு மரபுகளுள் நம்மிடம் வேரூன்றியது பெரும்பாலும் முன்னதே எனலாம். பிள்ளை மீட்கப்பட வேண்டிய ஆத்துமா ஆனான், வாசகன் ஆகவில்லை.

வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர்தோறும் நற்செய்தி கூறிய ராக்லண்டு ஐயர் 1858இல் சிவகாசியில் மரித்தார். தீப்பெட்டிச் சீட்டும் நாட்காட்டியும் அச்சிட்டுப் பெயர்பெற்ற அதே ஊரிலிருந்து 1972இல் சௌந்தரபாண்டியனின் ‘முத்து காமிக்ஸ்’ புறப்பட்டது; ‘இரும்புக்கை மாயாவி’ அதன் முதல் இதழ். 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ தொடர்ந்தது. அவற்றைத் தம் சேமிப்புக் காசு கொடுத்து வாங்கிய சிறுவரை எவரும் வற்புறுத்தவில்லை. நம் வெளியீடுகளோ பரிசாகவே பெரிதும் வழங்கப்பட்டன. (பரிசாகப் பெற்ற நூலைப் படித்து முடித்த பிள்ளைகள் எத்துணைப் பேர் என்று நாம் கேட்டதில்லை.)

சித்திரக்கதைகளை நாம் போற்றிப் பாடவில்லை. மாயாவி இங்கிலாந்தின் இதழொன்றிலிருந்து வந்தவர். இராஜபாளையத்து நூற்பாலையோ மேற்கே தெரியும் மலையோ அக்கதைகளில் இல்லை. ஆனால் அயல்நாட்டுச் சரக்கு என்று அவற்றைப் பழிக்க நமக்கு வாயில்லை. நம் ஓய்வுநாட் பள்ளிப் பாடங்களும் பலகாலம் மொழிபெயர்ப்புகளாகவே இருந்தன. பெறுவோன் மீது வைத்த மதிப்பில்தான் வேற்றுமை. அச்சகத்தார் அவனுடைய ஆவலை நம்பினர். நாம் அவனுடைய நினைவாற்றலை மட்டும் நம்பினோம்.

ஞானோபதேச வினாவிடையின் அமைப்பே இதைக் காட்டும். அதில் வினா பெரியவருடையது, விடை பிள்ளையுடையது. லூக்கா தீட்டும் காட்சியிலோ பன்னிரண்டு வயது இயேசு போதகர் நடுவில் அமர்ந்து கேட்கிறார், வினவுகிறார். நம் சிறார் நூல்களில் அந்த இயேசுவுக்கு இடமில்லை. கீழ்ப்படிந்து நாசரேத்துக்குத் திரும்பிய இயேசுவையே நாம் மீண்டும் மீண்டும் அச்சிட்டோம்.

இறையியல் மாணவர் பட்டம் பெற்றுச் சேகரத்திற்குச் சென்றதும் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நேரும். சோழபுரம் போன்ற ஊரில், ஆடு மேய்க்கும் வீட்டுச் சிறுமி ஒருத்தி, தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் அதுவரை காத்தவர் யார் என்று கேட்கக்கூடும். அவள் கேள்வியிலிருந்து தொடங்கும் கதைநூல் எதனையும் நம் வெளியீடுகளில் நாம் இதுவரை கண்டதில்லை.