செத்தால் யாரைத் திட்டுவீர்கள்?

வீடியோ கேம் என்றதும் 'பையன் படிப்பே போச்சு' என்று ஒரு கோஷ்டி, 'அது ஒரு கலை சார்' என்று இன்னொரு கோஷ்டி. சினிமாவைப் பற்றி இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் 'எந்தப் படம்?' என்று கேட்பீர்கள் அல்லவா? கேமிலும் அதைத்தான் கேட்க வேண்டும். தரம் பிரிக்க என்னிடம் ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஆட்டத்தில் செத்ததும் யாரைத் திட்டுகிறீர்கள்? உங்களையே என்றால் நல்ல கேம். கேமைத் திட்டினால் சுமார். கை தானாக பர்ஸைத் தேடினால், ஆளை விடுங்கள்.

தொண்ணூறுகளில் நம் வீட்டு டி.வி.க்களில் செருகிய மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானிய நிண்டெண்டோவின் நகல்கள். கார்ட்ரிட்ஜில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சொற்பம்தான் தேறும், மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். அந்தச் சொற்பத்தில் ஒன்று 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. மொத்தம் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரிசு. இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்தையே பச்சையாக்கித் தரையில் புதராக வைத்திருக்கிறார்கள். இத்தனை சிக்கனத்திலும் முதல் அரை நிமிஷத்தைப் பாருங்கள். காளான் தலையோடு ஒரு பிசாசு வருகிறது. சும்மா நின்றால் சாவு. அடுத்த முறை தாவுகிறீர்கள். தாவும்போது பெட்டி இடித்துக் காசு கொட்டுகிறது. இன்னொரு பெட்டியிலிருந்து நல்ல காளான் ஒன்று வருகிறது. பிசாசு மாதிரியே இருக்கிறதே என்று தாண்டப் பார்த்தால், தலைக்கு மேல் இருக்கும் கல்லில் இடித்து அதன் மேலேயே விழுகிறீர்கள். சாகவில்லை, வளர்கிறீர்கள்! ஒரு வார்த்தை கிடையாது, பாடம் முடிந்தது. இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தோம் என்று அதைப் படைத்த மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார்.

இதற்கு நேர் எதிர், 1982-ல் அட்டாரிக்காக வந்த 'ஈ.டி.' கிறிஸ்துமஸுக்குள் விற்க வேண்டும் என்று சுமார் ஐந்தே வாரத்தில் எழுதியது. பள்ளத்தில் விழுவீர்கள், ஏறுவீர்கள், மறுபடி விழுவீர்கள். ஏன் விழுந்தோம் என்றே புரியாது. விற்காமல் தேங்கியதில் ஒரு பகுதியை 1983-ல் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியும் எடுத்தார்கள். பள்ளத்தில் விழும் கேமுக்குப் பொருத்தமான அடக்கம்.

'காண்ட்ரா' ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து ஆட அதுமாதிரி ஒரு கேம் அபூர்வம். ஆனால் அதன் கொலைவெறிக்குக் கலை மட்டும் காரணமில்லை. அது 1987-ல் காசு போட்டு ஆடும் மெஷினாகப் பிறந்தது. நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது காசுத்துளை போய்விட்டது, கொலைவெறி தங்கிவிட்டது. அதனால்தான் மேலே மேலே கீழே கீழே என்று அமுக்கி 30 உயிர் வாங்கும் மந்திரம் தேவைப்பட்டது. அந்த மந்திரம் முதலில் 1986-ல் 'கிரேடியஸ்' கேமில் வந்தது. சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே ஜெயிக்க முடியவில்லை என்று புரோகிராமர் ஹாஷிமோட்டோ தனக்காகச் செருகிக்கொண்டது!

கஷ்டமாக இருப்பது குற்றமில்லை. 2011-ல் வந்த 'டார்க் சோல்ஸ்' பேய்த்தனமாகக் கொல்லும். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தெரியும். கேடயத்தை இறக்கியது நீங்கள், பேராசையில் ஓர் அடி கூட அடித்தது நீங்கள். (ப்ளைட்டவுன் என்ற சேற்றுக் குப்பத்தில் படம் திக்கித் திணறும். அங்கே மட்டும் கேமைத் திட்டலாம்.) அதே கம்பெனியின் 'எல்டன் ரிங்', 2022. வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தங்கக் கவசத்தோடு ஒரு குதிரைவீரன். மோதினால் காலி. சுற்றிக்கொண்டு போய், வளர்ந்து, திரும்பி வந்து கவனித்துக்கொள்ளலாம். மாரியோவின் முதல் பிசாசு குதிரை ஏறி வந்த மாதிரிதான்.

என் சோதனைக்குள் அடங்காத ஒரு கேமும் உண்டு. 2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கலாஸஸ்'. பதினாறு பிரம்மாண்ட ஜீவன்கள், வேறு எதிரி கிடையாது. கேமரா படுத்தும், குதிரை பேச்சுக் கேட்காது. ஆனால் ஒவ்வொன்றும் சரிந்து விழும்போது 'இதை ஏன்டா கொன்றோம்' என்று இருக்கும். இங்கே ஜெயித்த பிறகு உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள்.

இனி பர்ஸ் விவகாரம். 2018-ன் 'அசாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி'. கிரேக்கத்துக் கடல் கொள்ளை அழகு, சந்தேகமில்லை. ஆனால் முக்கியக் கதைக்கே நாற்பது மணி நேரம். சீக்கிரம் வளர ஒரு பூஸ்டரைத் தனியாக விற்றார்கள். அதாவது, காசு கொடுத்து ஆட்டம் வாங்கி, அதைக் குறைவாக ஆட இன்னும் காசு. முந்தைய ஆண்டு 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2'-ல் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஆடுகிறவர்கள் கொதித்ததும் முக்கால்வாசி குறைத்தார்கள். காசு கொடுத்துக் குலுக்கல் பெட்டி வாங்கும் வசதியையும் வெளியீட்டுக்கு முன் நிறுத்தினார்கள். 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கமிஷன், 'ஃபிஃபா 18' உள்பட சில கேம்களின் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. காண்ட்ராவில் அடைத்த காசுத்துளைதான், இன்டர்நெட் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்று எட்டணா, இன்று கிரெடிட் கார்டு நம்பர்.

ஆகவே பெற்றோர்களே, 'எத்தனை மணி நேரம் ஆடறே?' என்று மட்டும் கேட்காதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, செத்ததும் பிள்ளை என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். 'சே, நான் முன்னாடியே தாவியிருக்கணும்' என்றால் கவலை வேண்டாம். 'அப்பா, அந்தக் கார்டைக் கொஞ்சம் குடேன்' என்றால் கேமை மாற்றுங்கள். மாரியோவைப் போட்டு நீங்களும் ஒரு தடவை ஆடிப் பாருங்கள். முதல் பிசாசிடமே செத்துப்போவீர்கள். பிள்ளை சிரிப்பான். சிரிக்கட்டும்.