அரக்கர் பட்டியலும் மனிதர் கதையும்

பேய்க்கதை கேளாது வளர்ந்த குழந்தை எமது நாட்டில் இல்லை. கேட்டு அஞ்சிய குழந்தை வளர்ந்து அந்த அச்சத்தின் வேரைத் தேடத் தொடங்கும்போது இலக்கிய மாணவனாகிறது. ஆதலால், அரக்கரையும் பூதங்களையும் தொகுத்துரைக்கும் நூல்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டிலே ஆராய்வது வீண்வேலை என்று வாசகர் கருதமாட்டார் என நம்புகின்றோம்.

எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற விடுமுறையிலே, கப்பல்துறையில் எம்மிடம் பாடங்கேட்க வரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் விறாந்தையில் வட்டமாக அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். சீட்டுமில்லை, பலகையுமில்லை. ஒருவன் கதை சொன்னான். ஏனையோர் அக்கதையின் மாந்தராகித் தாம் செய்வதைச் சொன்னார்கள். முடிவு ஐயத்துக்கிடமான இடங்களில் இருபது முகங்கொண்ட பகடை உருண்டது. 1974-இல் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் அது. கூத்தின் வேடமும் தாயத்தின் விதியும் கூடிப் பிறந்த பிள்ளை என்று அதனைச் சொல்லலாம்.

அன்று அவர்களுக்கு எதிரே தோன்றியவன் ‘இராட்சதன்’. புலியின் தலை, பின்புறமாகத் திரும்பிய கைகள். கால்மணி நேரத்தில் அவனை வீழ்த்தி, அவனது பொருளைப் பங்கிடத் தொடங்கினர். அப்போது ஒரு மாணவி மட்டும் எம்மைப் பார்த்துக் கேட்டாள்: “சேர், இது எங்கட இராவணன்ட ஆக்கள்தானே? அவங்களுக்கு எப்ப புலித்தலை வந்தது?”

நியாயமான கேள்வி. விடை 1977-இல் இருக்கின்றது. அவ்வாண்டிலே, இந்த ஆட்டத்துக்குரிய 350-க்கு மேற்பட்ட விசித்திர உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்து ‘மான்ஸ்டர் மனுவல்’ என்ற நூல் வெளிவந்தது. இத்துறையில் பின்னர் எழுந்த தொகுதிகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. அதில் வரும் இராட்சதன் மாயத்தால் நண்பனின் உருக்கொண்டு மனிதரை உண்பவன். மதகுரு ஆசீர்வதித்த அம்பினால் மாள்பவன். இவன் வான்மீகியிடமிருந்தோ கம்பனிடமிருந்தோ வரவில்லை. 1974-இல் ஒளிபரப்பான ‘கோல்ச்சக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு கதையிலிருந்து வந்தவன். புலித்தலை அந்நூலின் ஓவியம் தந்தது. அவ்வளவே அவனுடைய பூர்வீகம்.

அந்நூலில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த படிவம் ஒன்றுண்டு. எத்தனை பேராகத் தோன்றுவர், எவ்வளவு விரைவாக நகர்வர், எத்தனை அடி தாங்குவர், தம் இருப்பிடத்தில் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, அவர் வைத்திருக்கும் செல்வம் எவ்வகையினது என்று அது வரிசைப்படுத்தும். அவரது தொழில் என்ன, பக்கத்து ஊரோடு அவர்க்குள்ள வழக்கு என்ன என்பதற்கு அப்படிவத்திலே கட்டமில்லை. ஒரு குடியிருப்பைக் கண்டதும் தலைக்கணக்கு, படைவலி, செல்வம் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளும் பார்வை எவருடையது? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என வரிசையாக வந்தோரைக் கண்ட திருக்கோணமலைத் துறைமுகத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1622-இல் கோணேசர் கோயிலை இடித்தவர்களும் எம் முன்னோரைக் குறித்து இத்தகைய பட்டியலொன்றையே மனத்தில் வைத்திருந்திருப்பர்.

‘ஆட்டம் ஆட்டந்தானே, எண்களின்றி எப்படி ஆடுவது?’ என்று மாணவர் கேட்பர். எண்களை நாம் வெறுக்கவில்லை. பாவுக்கு யாப்பு எப்படியோ, இந்த ஆட்டத்துக்கு எண்கள் அப்படி. ஆயின் யாப்பு மட்டும் கவிதையாகாது. கதை நடத்துபவன் பக்கத்தைத் திறந்தவுடன், இவ்வுயிர் எதனால் இங்கே இருக்கின்றது, எதை வேண்டுகின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்ற மூன்றும் அவனுக்குக் கிடைத்தல் வேண்டும். கிடைத்தால் ஒரு மாலைப்பொழுது கதையாகும். கிடைக்காவிடின் பகடையின் ஓசை மட்டுமே மிஞ்சும்.

இக்குறையை ஆடுவோர் தாமே உணர்ந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். 1983-இல் ‘டிராகன்’ என்ற ஆட்ட இதழில், குகைக்கூரையில் கற்கூம்பு போலத் தொங்கி வழிப்போக்கர்மேல் விழும் ஓர் அற்ப உயிரின் வாழ்க்கைமுறையை ஆராயும் கட்டுரை வந்தது. அது ஒரு நெடும் வரிசைக்கு வித்தாயிற்று. 1989-இல் வந்த புதிய தொகுதியிலே வாழிடமும் சமூகமும், சூழலியல் என்னும் இரு தலைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்க்கப்பட்டன. 2020-இல், ‘ஓர்க்’ போன்ற இனங்களைப் பிறவியிலேயே தீயன எனச் சித்திரித்தது நிஜ உலகின் இனவெறியை ஒத்திருந்தது என்று வெளியீட்டாளரே ஒப்புக்கொண்டனர். 2025-இல் வந்த பதிப்பிலோ ஓர்க்குக்குத் தனிப்பக்கமே இல்லை. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் முழுமையாகத் திருப்தியுறவில்லை. அவதூறைப் பக்கத்திலிருந்து அகற்றுவது ஒன்று; அவதூறு செய்யப்பட்டவனின் கதையைச் சொல்வது வேறொன்று.

அந்த இரண்டாவது பணிக்கு வேண்டிய பொருள் எம் காலடியிலே கிடக்கின்றது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்வோம். ‘பேய்களைப் பாடியது’ என்ற பகுதி முடப்பேய், குருட்டுப்பேய், செவிட்டுப்பேய், ஊமைப்பேய், கூன்பேய் என நிரல்படுத்துகின்றது. தமிழின் பழைய பூதத்தொகுதி என்றே அதனைக் கொள்ளலாம். அவை கொடியனவாக இருப்பதினும் பசித்தனவாக இருப்பதே எமக்கு முதலில் தோன்றுகின்றது. ‘பேய் முறைப்பாடு’ என்ற பகுதியிலே அவை காளியிடம் தம் பசியைச் சொல்லி முறையிடுகின்றன. ஊனமும் பஞ்சமும் கூடிய ஒரு மக்கள் கூட்டத்தின் மனு போன்றது அது. அரசவைப் புலவர் அதற்குக் கண்ட பரிகாரம் கலிங்கத்தாரின் பிணங்களில் அட்ட கூழ் என்பது அவர் காலத்தின், அவர் வர்க்கத்தின் எல்லை.

எம் சிங்களச் சகோதரரின் ‘சன்னி யக்கும’ சடங்கையும் இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பதினெட்டுச் சன்னி யக்குகள். ஒவ்வொன்றும் ஒரு நோய். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி. அங்கும் குருடு உண்டு, செவிடு உண்டு, முடம் உண்டு. சோழநாட்டுக் கவியும் தென்னிலங்கைச் சடங்குக் கலைஞனும் தம் மக்களின் துன்பத்தையே எண்ணி வகைப்படுத்தினர். ஆயின் சன்னியை எவரும் வாளால் வெட்டுவதில்லை. அது அரங்கிலே வருகின்றது, மேளகாரரோடு வாதாடுகின்றது, பார்ப்போரைச் சிரிக்க வைக்கின்றது, காணிக்கை பெற்று விடைகொள்கின்றது. எதிரே நிற்பதோடு பேசலாம், பேரம் பேசலாம், அதனைப் பார்த்துச் சிரித்து அச்சத்தை வெல்லலாம் என்ற பேருண்மை இச்சடங்கில் உண்டு.

இனிக் குவேனி. மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரம் அவளை யக்கினி என்கின்றது. விசயனின் தோழர்களை விழுங்க முயன்றவள் என்கின்றது. ஆனால் அதே நூல் அவளை முதலில் எந்நிலையில் காட்டுகின்றது? ஒரு மரத்தடியிலே நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்! வந்தேறியவனுக்கு அரக்கியாகத் தோன்றியவள் உழைப்பாளி ஒருத்தி. அவள் உதவியால் யக்கரை வென்று நாட்டைக் கைக்கொண்டவன், பின்னர் மதுரை அரசகுமாரிக்காக அவளைத் துரத்தினான். தன் இனத்தாரிடம் திரும்பியவள் ஒற்றியெனக் கருதப்பட்டு மாண்டாள். இவ்வரலாற்றில் அரக்கத்தன்மை எவரிடம் இருந்தது? அரக்கன் என்பது பெரும்பாலும் தோற்றவனுக்கு வென்றவன் இட்ட பெயரே.

இராவணனும் அவ்வாறே. கோணேசர் மலையிலுள்ள பிளவை எமது மக்கள் ‘இராவணன் வெட்டு’ என்பர். கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றுகளும் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். அதனை வரலாறென்று நாம் வாதிடவில்லை. ஆனால் தாய்க்காக அழுத இந்த இராட்சதனுக்கும் ஆசீர்வதித்த அம்புக்குக் காத்திருக்கும் புலித்தலையனுக்கும் எவ்வளவு தூரம்! முதலாமவனை எதிர்கொள்ளும் ஆட்டக்காரர் தாமே முடிவு செய்தாக வேண்டும்: வெட்டுவதா, வினவுவதா, துக்கம் விசாரிப்பதா? இரண்டாமவனிடம் அவர்க்கு முடிவு செய்ய எதுவுமில்லை.

இத்திசையில் ஒரு நல்ல முயற்சியாக, சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2020-இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுதி ஒன்றைக் குறிப்பிடலாம். ராகேஷ் கன்னா, ஜே. பர்சிஃபர் பைரவ் ஆகியோர் இந்தியாவின் பல மொழியினரிடையே வழங்கும் பேய்களையும் பூதங்களையும் அரக்கரையும் அதிலே திரட்டித் தந்துள்ளனர். கதை நடத்துபவர்க்கு அது பயனுள்ள களஞ்சியம். அதன் எல்லை இந்தியா என்பதை அதன் பெயரே சொல்லும். ஈழத்துக்கு அத்தகைய தொகுதியொன்று ஆக்கவேண்டிய கடன் எம்முடையது.

இக்கடன் பொழுதுபோக்குச் சம்பந்தமானது மட்டுமன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, இந்நாட்டின் மக்கள் ஒருவரையொருவர் மனிதராகக் காண மறுக்கும்படி பயிற்றப்பட்டனர். எதிரே இருப்பவனை எண்ணாகவும் தீமையாகவும் மட்டும் காணும் பழக்கம் எந்த விறாந்தையில் தொடங்கினாலும் அது எமக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

வழியும் திறந்தே உள்ளது. 2023 சனவரியிலே, ஆட்டக்காரரின் பெரும் எதிர்ப்புக்குப் பின்னர், இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகள் எவரும் எடுத்தாளக்கூடிய பொது உரிமத்தின்கீழ் விடப்பட்டன. மூலம் இன்னதென்று குறிப்பிட்டால் போதும். கப்பல்துறை மாணவனும் தன் பூதத்தை அவ்விதிகளுக்கு அமைய எழுதி அச்சிடலாம். ஆகவே மாணவர்களே, உங்கள் பாட்டிமாரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பனிடம் ஜின் கதையையும், சிங்களத் தோழியிடம் மகாசோனன் கதையையும் கேளுங்கள். எண்களைக் குறியுங்கள், அவற்றின்மேலே அந்த உயிரின் ஊரையும் தொழிலையும் பசியையும் குறியுங்கள். அதற்கு அப்பெயரை இட்டவர் யார் என்பதையும் மறவாது எழுதுங்கள்.

அந்த மாணவி இப்போது ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கின்றாள். முதற்பக்கத்திலே குவேனி இருக்கின்றாள். கையில் ஆயுதமில்லை, நூற்கின்றாள்.