பிள்ளையின் மௌனம்: குறைபாடா, எச்சரிக்கையா?

மெலனி கிளைன் பிள்ளையின் விளையாட்டில் நனவிலியின் உள்ளடக்கத்தைத் தேடினார். கண்டதைப் பிள்ளைக்கே விளக்கிச் சொன்னார். 1996இல் பீற்றர் ஃபோனகியும் மேரி ராகற்றும் எழுதியவை கேள்வியையே இடம் மாற்றின. பிள்ளை எதை மறைக்கிறது என்பதல்ல; தனக்கும் பிறருக்கும் மனம் என்றொன்று உண்டு என்று அதனால் எண்ணிப் பார்க்க முடிகிறதா என்பதே அவர்களது கேள்வி. இந்த ஆற்றலையே ‘மென்ரலைசேஷன்’ என்கிறார்கள்.

சிறு பிள்ளைக்கு எண்ணமும் உலகமும் ஒன்று. கட்டிலுக்கடியில் பேய் என்று நினைத்தால், பேய் இருக்கிறது. விளையாட்டிலோ எண்ணத்துக்கும் உலகத்துக்கும் தொடர்பேயில்லை. நான்கைந்து வயதளவில் இவ்விரண்டும் இணைகின்றன. இணைய உதவுபவர், பிள்ளையின் பயத்தைத் தன் முகத்தில் பிரதிபலித்தபடியே தான் பயப்படாதிருக்கும் ஒரு பெரியவர். அந்த முகம் கிடைக்காத பிள்ளையிடம் சிகிச்சையாளர் விளக்கம் சொல்ல அவசரப்படுவதில்லை. கூட விளையாடுகிறார், ‘நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை’ என்கிறார். அறிந்தவன் என்ற அதிகாரத்தைக் கைவிடும் இந்தத் தெரியாமைதான் இக்கோட்பாட்டின் பலம்.

பலவீனம், அது நீண்டகாலம் தாய்-பிள்ளை உறவுக்குள்ளேயே நின்றதில் இருக்கிறது. தஞ்ச அலுவலகத்தில் தகப்பனுக்காக மொழிபெயர்க்கும் எங்கள் பிள்ளை அதிகாரியின் மனதையும் தகப்பனின் மனதையும் ஒருசேர வாசிக்கிறது. தன்னுடையதை மட்டும் பூட்டிவைக்கிறது. பாடசாலை உளவியலாளரிடம் அது ‘தெரியாது’ என்றால், அது ஆற்றலின்மையா, கற்றுக்கொண்ட பாதுகாப்பா?

2017இல் ஃபோனகியும் சகாக்களும் தம் கருத்து மாறியதை வெளிப்படையாகவே எழுதினர். நம்ப மறுப்பது பாதகமான சூழலுக்கேற்ற தகவமைவாகவும் இருக்கலாம். சிகிச்சையறைக்கு வெளியேயுள்ள உலகமும் நம்பத்தக்கதாக வேண்டும் என்றனர். ஆனால் அதே ஆண்டு வெளியான சிறுவர் சிகிச்சைக் கைநூலின் அடிப்படை வடிவம் 12 அமர்வுகள். பெற்றோருக்கும் தனி அமர்வுகள் உண்டு. நாடுகடத்தல் கடிதம் அனுப்பும் அலுவலகத்துக்கு எந்த அமர்வும் இல்லை. 1938இல் வியன்னாவிலிருந்து தப்பிவந்த அன்னா ஃபிராய்ட் லண்டனில் தொடங்கிய நிலையத்தை, பதின்வயதில் ஹங்கேரியிலிருந்து வந்த ஃபோனகி பின்னாளில் வழிநடத்தினார். அகதி வாழ்வை அறிந்தவர்களின் மரபு இந்த இடைவெளியைச் சும்மா விடக்கூடாது.

நாங்களும் தப்ப முடியாது. ‘சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்று அதன் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுகிறோம். அதற்கு ஒரு மனம் இருப்பதை முதலில் மறுப்பவர்கள் வெள்ளைக்கார வைத்தியர்கள் அல்லர்.