கிருபாசனத்துக்கு முன்னால் கருக்குமட்டை

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாடத்திட்டத்தில் ஏறியது, 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது, எத்தனையோ ஆய்வேடுகளுக்குத் தீனியானது. ஆனாலும் அதைப் பற்றி இரண்டு வாசிப்புகள்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. ஒன்று இயக்கத் தோழர்களுடையது. பாமா மடத்தைவிட்டு வெளியே வந்தார், ஆகவே இது மதத்தை உதறிய கதை என்பார்கள். இன்னொன்று சாமியார்களுடையது. பாவம், ஒரு பிள்ளை மனசு நொந்து எழுதியிருக்கு, திருச்சபையில் சில குறைகள் இருக்கத்தான் செய்யுது, ஜெபத்தோடு சரி பண்ணிக்குவோம் என்பார்கள். இந்த இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தொடாமல் நழுவுகிறார்கள். இந்தப் பிரதிக்கும் கடவுளுக்கும் என்ன உறவு?

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும். பிடிச்சவன் கையையும் அறுக்கும், எதிரே வர்றவனையும் அறுக்கும். பாமா முன்னுரையில் இந்தக் கருக்கை வேதாகமத்தோடு சேர்க்கிறார். எபிரேயர் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் கடவுளின் வார்த்தை இருபுறமும் கூரான வாளுக்கு ஒப்பாகிறதே, அந்த இடம். இதை எல்லா விமர்சகர்களும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோவார்கள். அதே அதிகாரத்தில் இன்னும் நாலே வசனம் தள்ளி வாசித்தால் 16ஆம் வசனம் வருகிறது. கிருபாசனத்துக்கு முன்னால் பயமில்லாமல் கிட்டப் போகலாம் என்கிற அழைப்பு அது. 'கருக்கு' முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நடக்கிறது என்பது என் வாசிப்பு.

பழைய வேதாகமம் அந்த இடத்தில் 'தைரியம்' என்று சொல்கிறது; 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'துணிவு' என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'பர்ரேசியா'. அதன் நேரடிப் பொருள் எல்லாவற்றையும் சொல்லுதல். ஏதென்ஸ் நகரத்தில் அது சுதந்திரக் குடிமகனுடைய உரிமை. சபையில் எழுந்து நின்று, எவனுக்கும் பயப்படாமல், மனசில் உள்ளதைப் பேசலாம். அடிமைக்கு அது கிடையாது, அந்நியனுக்கும் கிடையாது. அந்தச் சொல்லைத்தான் எபிரேயர் நிருபம் எடுத்து, கடவுளுக்கு முன்னால் நிற்கிற எல்லாருக்கும் கொடுக்கிறது. ஆக, கடவுளுக்கு முன்னால் தைரியம் என்பது நெஞ்சுக்குள்ளே இருக்கிற இதமான உணர்ச்சி மட்டும் கிடையாது. அது பேச்சுரிமை. இந்த வீட்டில் எனக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தவன் பேசுகிற பேச்சு.

நம்ம தெருப் பிள்ளைகளுக்குத் திருச்சபை கற்றுக்கொடுத்தது இதையா? 'கருக்கு' காட்டுகிற ஞானோபதேச வகுப்பில் பிரம்புதான் பாடம் நடத்துகிறது. பூசைக்கு வராவிட்டால் அடி. பேய், நரகம், சாவான பாவம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற பிள்ளை, செய்தோமோ இல்லையோ, மனப்பாடமான ஒரு பாவப் பட்டியலைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறது. முழங்கால் போட்டு, தலையைக் குனிந்து, 'என் பாவமே' என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு, நிமிர்ந்து நின்று 'இது நான் செய்யல' என்று சொல்லத் தெரியாது.

அதை அந்தத் தேங்காய்ச் சம்பவத்தில் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் தேங்காய் திருடியதாகப் பழி விழுகிறது. தலைமையாசிரியர் எல்லாருக்கும் முன்னால் சாதியைச் சொல்லித் துரத்துகிறார். பிள்ளை சாமியாரிடம் போகிறது. சேரிப்பிள்ளைதானே, செய்தாலும் செய்திருப்பாய் என்கிற தோரணையில்தான் அவர் வாயிலிருந்து முதல் பேச்சு வருகிறது. அப்புறம்தான் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். செய்யாத பாவத்துக்குத் தீர்ப்பு முதலில், மன்னிப்பு பிறகு! கோயிலுக்குள் அந்தக் குழந்தைக்கு இருந்த இடம் எதுவென்று இந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது.

இங்கேதான் பாமா செய்த காரியத்தின் வீரியம் புரியும். பாவசங்கீர்த்தனம் என்ற வடிவத்தை அவர் அப்படியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். காதோடு ரகசியமாகச் சொன்னதை ஊரறியச் சொல்கிறார். தான் செய்த பாவத்தைச் சொல்லச் சொன்ன இடத்தில், தனக்குச் செய்யப்பட்ட பாவத்தை வரிசைப்படுத்துகிறார். அதையும் பூசைப் புத்தகத் தமிழில் சொல்லவில்லை, எங்க தெரு எங்க வீடு என்று தெருப் பேச்சிலேயே சொல்கிறார். அன்றைக்குப் பண்டிதர்கள் இதெல்லாம் தமிழா என்று மூக்கைப் பொத்தினார்கள். எம்.ஏ. தமிழில் ஆண்டாளும் மாணிக்கவாசகரும் உரிமையோடு கடவுளிடம் சண்டை போடுவதைப் பக்தி என்று படித்தோம். சேரிக்காரி சண்டை போட்டால் மட்டும் அது கொச்சை!

அடுத்தது, கிட்டப் போவது. யார் எந்த வழியாகப் போவது? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். இரண்டு கால்கள் மாதிரி இரண்டு மண்டபம்; பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடாரும் மற்றவர்களும். பீடத்தைப் பார்க்கலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது. அந்தத் தடுப்பு 1910களில்தான் இடிந்தது. இடித்ததற்காக மேல்சாதிக்காரர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சுவர். செத்த பிறகும் சாதி தனித்தனியாகத்தான் உயிர்த்தெழ வேண்டுமாம்!

பாமா இந்தச் சுவரை மடத்துக்குள்ளேயே பார்த்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கணும் என்று போனவர் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் சாப்பாட்டு மேசையையும், அவர்கள் சேரிச் சனங்களைப் பற்றிப் பேசுகிற பேச்சையும் அவர் எழுதியிருப்பதை வாசித்தால் தெரியும், குடும்பம் என்ற சொல்லை மடம் எப்படிப் பயன்படுத்துகிறதென்று. சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் நீ யாரென்று சொல்லாமல் இருக்கணும். வாயை மூடிக்கொண்டால் கிடைக்கிற இடம் அது. பர்ரேசியாவுக்கு நேர் எதிர்.

அப்படியானால் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இதைத்தான் நம் தோழர்கள் வாசிக்க மறுக்கிறார்கள். 'கருக்கு'வில் பாமா கடவுளைக் கைவிடவில்லை. தானே வேதத்தை வாசிக்கிறார். பணிவு, கீழ்ப்படிதல், பொறுமை என்று தனக்குச் சொல்லித்தந்த இயேசு வேறு, ஏழைகளோடு நின்று கோபப்பட்ட, நீதி கேட்ட இயேசு வேறு என்று கண்டுகொள்கிறார். இந்த இரண்டாவது இயேசுவைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் அவருடைய கோபம். இது நம்பிக்கை இழந்தவருடைய கோபமா? தன் சொத்துப் பத்திரத்தை இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தவர்களிடம் சொந்தக்காரிக்கு வருகிற கோபம்!

ஆனால் 'கருக்கு' ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். முடிவில் அவர் தனியாக நிற்கிறார். தைரியம் கிடைத்துவிட்டது, கூட்டம் கிடைக்கவில்லை. தெருவுக்குத் திரும்பி வந்தாலும் படிப்பும் மடத்து வாழ்க்கையும் அவரைத் தெருவிலிருந்து பிரித்து வைத்திருக்கின்றன. சேர்ந்து கும்பிடுவது, சேர்ந்து பாடுவது என்கிற பக்கம் அந்தப் பிரதியில் ஏறக்குறைய காலி. இந்த இடத்தை நிரப்பப் பார்த்தவர் என்று மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவுவைச் சொல்லலாம். 2005இல் இறந்துபோனார். பறையும் கிராமத்து மெட்டும்தான் அவருடைய வழிபாட்டு இசை. ஒரே உலையில் சோறு பொங்கித் தின்பதையே அவர் இறையியலாக்கினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்த விளியில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. பெற்றவர்களிடம் போகிற பிள்ளை கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டிருக்காது.

தோழர்கள் சொல்வார்கள்: சாதி இருக்கிற கோயிலை ஏன் பிடித்துத் தொங்குறீங்க, வெளியே வந்துடுங்க. சாமியார்கள் சொல்வார்கள்: பொறுமையா இருங்க. 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை சொல்கிறது: கிறிஸ்தவனானால் நீ பட்டியல் சாதி இல்லை. அந்த ஆணை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காதே என்று சொன்ன பிறகும் நமக்குத் திறக்கவில்லை. 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள். கோயில்ல சேரிக்காரன், தாலுகா ஆபீஸ்ல பி.சி.! மூன்று பேரும் சேர்ந்து நம்மிடம் சொல்வது ஒன்றுதான்: உனக்கு இங்கே இடமில்லை.

'கருக்கு' அதற்குக் கொடுக்கிற பதில் எளிமையானது. இடம் யாரும் கொடுத்து வாங்குவதில்லை. எல்லாவற்றையும் சொல்லத் துணிந்தவள் நிற்கிற இடமே அவள் இடம், அது பீடத்துக்கு முன்னாலேயே இருந்தாலும். கையில் கருக்குமட்டையோடு கிருபாசனத்துக்கு முன்னால் போய் நிற்கிறவளைப் பார்த்துக் கடவுள் பயப்படப் போவதில்லை. பயப்படுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்கு இனி அவர்கள் வரிசையில் நிற்கட்டும்.