கோபுலுவின் சேலை மடிப்பு

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து போன மாதம் ஒரு பைண்டு வால்யூமை இறக்கினேன். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்'. வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஆரணியில் என் தகப்பனார் பைண்டு செய்தது. ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பள்ளியில் அவன் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் சிரித்துவிட்டான். சவடால் வைத்தி! "தாத்தா, இந்த ஆள் பொய் சொல்றான், இல்ல?" என்றான். கதை தெரியாத பிள்ளைக்கு வைத்தி நிற்கிற தோரணையே சொல்லிவிட்டது.

கோபுலு (1924–2015) தஞ்சாவூர்க்காரர். இயற்பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். அவரை 'கோபுலு' ஆக்கியவர் மாலி. நம்மவர்கள் அவரை 'ஹாஸ்யச் சித்திரக்காரர்' என்று ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரவிவர்மா ஓவியர், கோபுலு ஜோக் போடுகிறவர் என்ற இந்தப் பிரிவினையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நாற்பது வருஷமாகச் சேலை விற்கிறவன் நான். அந்தக் கண்ணால்தான் எனக்குப் படம் பார்க்கத் தெரியும். இந்த ஊர்க் கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் பெண்கள் முன்னால் நின்றால், ஜரிகையைத் தடவிப் பார்த்து விலை சொல்லிவிடலாம் போலிருக்கும். அத்தனை நேர்த்தி. ஆனால் அந்தச் சேலையில் வியர்வை கிடையாது. கோபுலுவின் மாமிக்குச் சேலை என்பது நாலு கோடுதான். இழுத்துச் செருகிய விதத்திலேயே அவள் கல்யாணத்துக்குப் புறப்பட்டவளா, அடுப்படியிலிருந்து வந்தவளா என்று தெரிந்துவிடும். சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' (1963) தொடருக்கு அவர் போட்ட படங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் அப்பளம் உலர்த்துகிற கதை அது. ஊர் மாறியும் நம் ஜனங்களின் நடை, உடை, பாவனை இம்மியும் மாறவில்லை. நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுடவும் செய்யும்.

வாரப் பக்கங்களில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அவருடைய வண்ண ஆசையைத் தீபாவளி மலர்களில்தான் காணலாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து எல்லாம் சேர்ந்து வரும். கடையில் இப்படிப் பிரித்துப் போட்டால் கண் கூசும். அவரோ நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை நிறுத்திச் சமாளித்துவிடுவார். தெய்வப் படங்களில் மட்டும் அவர் கை சற்று அடங்கிப்போகிறது என்பது என் அபிப்பிராயம். பக்தி இருக்கிறது, குறும்பு போய்விடுகிறது.

தெய்வ விஷயத்தில் அன்றாடம் நுழையக்கூடாது என்று சட்டமா என்ன? சித்தன்னவாசல் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, சமவசரணத்துத் தடாகத்தை எழுத வந்தவன் நம் ஊர்க் குளத்தையே எழுதிவிட்டான். யானை, மாடு, மீன், பறவை, தாமரை பறிக்கிற ஆட்கள்! பார்த்துப் பார்த்து ரசித்தவன் கை அது. கோபுலுவை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார்.

பேரன், வைத்தி என்னதான் பேசுகிறான் என்று கேட்டு நச்சரிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பூச்சி தின்ற வரிகளை நானே ஒப்பேற்ற வேண்டும்.