ஓம்புயிர்வழி வகைப்பாடு: வாழை வாடல் பூசணத்தை முன்வைத்து

மண்வழிப் பரவும் பயிர்நோய்ப் பூசணங்களுள் வகைப்பாட்டாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம். வாழையை வாடச் செய்வதும், தக்காளியை வாடச் செய்வதும், எப்பயிருக்கும் தீங்கின்றி மட்கில் வாழ்வதும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். வோலன்வெபரும் ரைன்கிங்கும் 1935இல் வெளியிட்ட நூல், வித்துகளின் அளவு, வளைவு போன்ற சிறு வேறுபாடுகளைக் கொண்டு இப்பேரினத்தை 65 சிற்றினங்களாகப் பிரித்தது. வளர்ப்பு ஊடகம் மாறினாலே மாறிவிடும் பண்புகள் அவை. ஸ்னைடரும் ஹான்சனும் 1940இல் அவற்றுள் ஒரு பிரிவு முழுவதையும் ஆக்ஸிஸ்போரம் என்னும் ஒரே சிற்றினத்தில் அடக்கி, எப்பயிரைத் தாக்குகிறது என்பதைக் கொண்டு 'சிறப்பு வடிவங்கள்' எனப் பகுத்தனர். தாக்கப்படும் பயிரே ஓம்புயிர். வாழைக்குரிய வடிவம் கியூபென்ஸ் எனப்பட்டது.

இம்முறையின் பயன் சிறிதன்று. தடித்த சுவருடைய வித்துகளாகப் பல்லாண்டுகள் மண்ணில் உறங்கவல்ல இப்பூசணத்தைத் தோட்டத்திலிருந்து அகற்றும் மருந்து இல்லை. அந்நிலத்தில் அடுத்து எதை நடலாம் என்ற முடிவே விவசாயியின் கையில் எஞ்சுவது, அதற்கான விடையைப் பூசணத்தின் பெயரே தருகிறது.

ஆனால் அப்பெயர் வம்சாவழியைச் சொல்வதில்லை. ஓடானலும் உடனாய்வாளர்களும் 1998இல் செய்த மரபணு ஒப்பீடு, கியூபென்ஸ் ஒரே மூதாதையிலிருந்து தோன்றியதன்று என்றும், அதன் சில கிளைகள் பிற பயிர்களின் பூசணங்களுக்கே நெருக்கமானவை என்றும் காட்டியது. தக்காளி வாடல் பூசணத்தில் நோயூக்கும் மரபணுக்கள் தனிக் குரோமோசோமில் அமைந்திருப்பதையும், அது தீங்கற்ற பூசணத்துக்குள் புகுந்தால் அப்பூசணமும் நோயுண்டாக்குவதையும் 2010இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய திறனை உறவுமுறைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

இதனினும் பெரிய குறை, சிறப்பு வடிவத்துக்குள் செய்யப்படும் 'ரேஸ்' என்னும் உட்பிரிவில் உள்ளது. குரோ மிஷெல், ரஸ்தாலி ஆகிய வாழை இரகங்களைத் தாக்குவது ரேஸ் 1, புளூகோவைத் தாக்குவது ரேஸ் 2, இவற்றோடு கேவண்டிஷையும் தாக்குவது ரேஸ் 4 என்பது ஏற்பாடு. குளிரால் நலிந்த கேவண்டிஷை மட்டும் தாக்கும் பூசணங்களும் ரேஸ் 4 ஆகவே எண்ணப்பட்டதால், பின்னர் அதைத் துணைவெப்பமண்டலம், வெப்பமண்டலம் என இரண்டாகப் பிரிக்க நேர்ந்தது. பூசணத்தின் இயல்பென்று கருதப்பட்டதில் பாதி தட்பவெப்பத்தின் வேலையாக இருந்திருக்கிறது. இந்தியாவில் ரேஸ் 1 பூசணமே கேவண்டிஷைத் தாக்கியதாகவும் பதிவுண்டு. சோதனையின் முடிவுக்கு இடப்பட்ட பெயரை உயிரியின் பெயராக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

1985இல் பூஹல்லா வகுத்த இழையிணக்கக் குழு முறை, இரு பூசணங்களின் இழைகள் இணைந்து வாழுமா என்று பார்க்கிறது. வெப்பமண்டல ரேஸ் 4 பெரும்பாலும் 01213 என்னும் குழுவில் அடங்குவதால் அதை அடையாளம் காண இம்முறை உதவிற்று; எனினும் 'ஒன்று', 'வேறு' என்பதற்கு மேல் உறவின் தொலைவை அது அளப்பதில்லை. 2019இல் வெப்பமண்டல ரேஸ் 4க்கு ஃபுசேரியம் ஒடோராட்டிசிமம் எனத் தனிச் சிற்றினப் பெயர் முன்மொழியப்பட்டது. வம்சாவழி நோக்கில் அது நியாயமே. ஆனால் தனிமைப்படுத்தல் அலுவலரும் விவசாயியும் அறிந்த பழைய பெயரைக் கைவிட அது மட்டும் போதிய காரணமன்று.

ஓம்புயிர்ப் பெயரை நீக்குவதைவிட, எந்த இரகத்தில், எத்தட்பவெப்பத்தில் சோதிக்கப்பட்டது என்பதையும் மரபணுக் கிளையையும் அதனுடன் சேர்த்தெழுதுவதே தக்கது. ரஸ்தாலி நடுபவருக்கு ரேஸ் 1 என்ற சொல்லே போதிய எச்சரிக்கை. வெப்பமண்டல ரேஸ் 4 பீகாரில் பதிவாகிவிட்ட நிலையில், பக்கக்கன்றுகளை மாநிலம் கடந்து வாங்கும் கேவண்டிஷ் விவசாயிக்கோ ரேஸின் பெயர் மட்டும் போதாது.