விசைப் பகிர்வும் எழுத்து மயக்கமும்

தம்போயில் பயிலும் மாணவன் ஒருவன், பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் பணிபுரியும் தந்தைக்குத் ‘தலை வலி’ என்று செய்தி விடுக்க எண்ணுகிறான் எனக் கொள்க. கையிலுள்ள பேசியில் விசைகள் சில. தமிழில் எழுத்துகள் பல. ஆதலின் ஒரு விசையிலேயே பல எழுத்துகள் குடியிருக்கின்றன. அவன் ‘வலி’ என எண்ணி அழுத்துகிறான். கருவியோ ‘வழி’ எனக் காட்டுகிறது. பிழை மாணவனுடையதா, கருவியினுடையதா? இவ்வினாவைப் பொறியாளர்க்கே விட்டுவிடுதல் சாலாது. எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரும் இதற்கு விடை காணக் கடமைப்பட்டவராவர்.

விசையைப் பகிர்தல் தன்னளவிற் குற்றமன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை அமைத்தல் எக்கருவிக்கும் இயலாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது இவ்விடரையே எதிர்கொண்டார். அழுத்தினாலும் தாள் நகராத ‘நகரா விசை’யால், புள்ளியையும் விசிறியையும் எழுத்தின்மேல் ஏற்றி அதனைத் தீர்த்தார். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியிலும் தமிழிலேயே செய்தி எழுத வழிகாட்டியது. இவை போற்றத்தக்க பணிகள். எனவே, பகிர்வு வேண்டுமா என்பது இங்கு வினாவன்று. எந்த எழுத்து எந்த எழுத்தோடு பகிரலாம் என்பதே வினா.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை 8 எண் விசைகளில் அகரவரிசைப்படி பகுத்தனர். ஒவ்வொரு விசையையும் ஒருமுறையே அழுத்தினாலும் சொல்லை ஊகித்துக் காட்டும் ‘டி9’ என்னும் முறை 1990களில் எழுந்தது. அதில் 4663 என அழுத்தினால் ‘குட்’, ‘ஹோம்’, ‘கான்’ ஆகிய சொற்கள் ஒருங்கே வந்து நிற்கும். ஆயின், ‘நல்ல’ என்னும் பொருளுள்ள சொல் வரவேண்டிய இடத்தில் ‘வீடு’ என்னும் பொருளுள்ள சொல் வந்தால், படிப்பவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். தமிழ் நெடுங்கணக்கை அவ்வாறே வரிசைப்படி பகுத்தால் ல, வ, ழ, ள என்பன அடுத்தடுத்து அமைந்து ஒரே விசையில் விழக்கூடும். அப்பொழுது வலி, வளி, வழி ஆகிய மூன்றிற்கும் அழுத்தம் ஒன்றே. நோவும் காற்றும் நெறியும் ஒன்றாகிவிடுகின்றன. ஒலியும் நெருங்கி நிற்றலின், எழுதியவன் அப்பிழையைக் காணாமலே விடுகிறான். ஆங்கிலத்திற்கு இயைந்த பகிர்வு தமிழுக்குத் தீங்காவது இவ்விடத்தேதான்.

இனி, தீங்கில்லாப் பகிர்வும் உண்டு. ‘அஞ்சல்’ விசைமுறையில் உரோமன் ‘என்’ விசை ஒன்றே, சொல்லின் முதலில் ந எனவும் பிற இடங்களில் ன எனவும் நிற்கும். இது மனம்போன போக்கன்று. னகரம் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பியரும் நன்னூலாரும் உடன்பட்ட விதி. ஓரெழுத்து வரும் இடத்தில் மற்றோரெழுத்து வாராதாயின், அவ்விரண்டும் ஒரு விசையில் இருத்தலால் மயக்கம் இல்லை. ‘அந்நாள்’, ‘தேநீர்’ போன்ற சொற்களில் நகரம் இடையில் வருதலுண்டு. அதற்கெனத் தனி விசையும் உண்டு. மாறாக, அரம், அறம் என்பனவும், அலகு, அளகு, அழகு என்பனவும் இடத்தால் வேறுபடுவன அல்ல. எழுத்தால் மட்டுமே வேறுபடுவன. இவற்றைத் தெரிந்தெடுக்கும் உரிமை எழுதுவோனிடமே இருத்தல் வேண்டும்.

1999 இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட ‘தமிழ்99’ முறை, உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பகுத்து, ஒவ்வொன்றற்கும் தனி இடம் தந்தது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணம் அங்கு விரலுக்கும் பாடமாகிறது. இன எழுத்துகள் அடுத்து வரின், முன்னதற்குத் தானே புள்ளி இடுவதும் நன்று. ஆயினும் அவ்விதியை இடம் நோக்காது கொண்டால், ‘நதி’ என எழுதுவோன் இடையில் அகர விசையையும் அழுத்தவேண்டும். இல்லையேல் ‘ந்தி’ என்றாகும். மெய் தனித்து மொழிமுதலாகாது என்னும் விதியையும் உடன் சேர்த்திருந்தால் அக்குறையும் நீங்கும்.

எண் விசைப் பேசிகள் இன்று அருகிவிட்டன. தொடுதிரைகளில் விசைகள் பெருகின. ஆயின் சொல்லை ஊகித்து நீட்டும் பழக்கம் நீங்கவில்லை. ஒவ்வொரு புதிய விசைமுறையையும் விரைவு ஒன்றையே அளவாக வைத்து மதிப்பிடுதல் போதாது. வலி, வளி, வழி என்னும் மூன்றையும் மாணவன் தானே தேர்ந்து எழுத அது இடந்தருகிறதா என்று ஆசிரியர் வகுப்பிலேயே ஆய்ந்து பார்த்தல் வேண்டும். இடந்தருமாயின் அது எழுதுகருவி. இல்லையேல், மாணவன் அறியவேண்டியதை அவனுக்காகத் தான் அறிந்துவைத்து, அவனை அறியாமையிலேயே விட்டுவிடும் கருவி அது.